மீனாட்சியின் செங்கோல்: மதுரையில் தெய்வமும் அரசும்

மதுரையில் ஆட்சி ஆண்டுக்கு இருமுறை கைமாறுகிறது. சித்திரைத் திருவிழாவின் எட்டாம் நாள் மீனாட்சியம்மனுக்குப் பட்டாபிஷேகம். அன்று தொடங்கி ஆவணி வரை நான்கு மாதம் நகரம் அவள் ஆட்சியில். ஆவணி மூலத் திருவிழாவில் சுந்தரேசுவரர் முடிசூடிக்கொண்டு அடுத்த சித்திரை வரை எட்டு மாதம் ஆள்கிறார். மதுரைக்காரர்கள் இதை உருவகமாகச் சொல்வதில்லை. சித்திரை பிறந்து கொடியேறிவிட்டால் இனி அம்மன் ஆட்சி என்று மாசி வீதிக் கடைக்காரர் சொல்வது, மழைக்காலம் வந்துவிட்டது என்று சொல்வதைப் போல இயல்பான பேச்சு.

பட்டாபிஷேகம் நடக்கும் இடம் அம்மன் சன்னதியில் உள்ள ஆறுகால் பீடம். மீனாட்சி அங்கே எழுந்தருளியதும், விஜயநகர ராயர்களின் பெயரைத் தாங்கிய ராயர் கிரீடம் சாத்தப்படுகிறது. கழுத்தில் பாண்டியருக்கே உரிய வேப்பம்பூ மாலை. கையில் இரத்தினம் இழைத்த செங்கோல். அடுத்து நடப்பதுதான் கவனிக்க வேண்டியது. பட்டர் அந்தச் செங்கோலை அம்மன் கையிலிருந்து எடுத்து, பரிவட்டம் கட்டி நிற்கும் தக்காரிடம் கொடுக்கிறார். அறங்காவலர் குழு இருக்கும் காலத்தில் அதன் தலைவர் பெற்றுக்கொள்வார். மேளதாளத்துடன் சுவாமி சன்னதிப் பிரகாரத்தை வலம் வந்து, செங்கோலைத் திரும்பவும் அம்மன் கையிலேயே சேர்த்துவிட வேண்டும். மனிதர் ஒருவர் மதுரையின் செங்கோலைப் பிடித்திருப்பது அந்த ஒரு சுற்று நேரம் மட்டுமே.

அரசன் தெய்வமா, தெய்வத்தின் ஊழியனா, அல்லது தெய்வமே அரசா? பழைய நாகரிகங்கள் எல்லாமே இந்தக் கேள்வியை ஏதோ ஒரு விதத்தில் எதிர்கொண்டன. முதல் விடையைத் தயக்கமில்லாமல் தேர்ந்துகொண்டது எகிப்து. மதுரையோ ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் நடந்து மூன்றாவது விடைக்கு வந்து சேர்ந்தது. அந்த விடை எவ்வளவு உறுதியானது என்பதை, அரசர்கள் எல்லாரும் போன பிறகும் பட்டாபிஷேகம் நிற்காமல் நடந்துவருவதே காட்டுகிறது.

எகிப்தில் மேல்நாடும் கீழ்நாடும் கி.மு. 3100 வாக்கில் ஒரே ஆட்சியின்கீழ் வந்தன. அக்காலந்தொட்டே அரசன் பருந்துத் தெய்வமான ஹோரஸின் உயிருள்ள வடிவம். பின்னால் கதிரவத் தெய்வமான ரேயின் மகன் என்ற பட்டமும் சேர்ந்தது. இறந்தால் அவன் மறுமையின் அரசனான ஒசிரிஸ். அரியணை ஏறும் மகன் அடுத்த ஹோரஸ். உலகம் குலையாமல் நிற்பதற்கான ஒழுங்கை அவர்கள் மாஅத் என்றனர். அதைக் காப்பதே அரசனின் தலையாய கடமை. எகிப்தியக் கோயில்களின் சுவர்களைப் பார்த்தால், தெய்வத்துக்குப் படையல் இடுபவராகப் பெரும்பாலும் அரசனே செதுக்கப்பட்டிருப்பான். நாள்தோறும் விடியலில் கருவறைக் கதவைத் திறந்து, திருமேனிக்கு ஆடை சாத்தி, உணவு படைத்தவர் பூசாரிதான். ஆனாலும் அவர் அரசனுக்குப் பதிலாள், பூசை அரசனுடையது. இந்தக் கருத்து எதுவரை போனது என்பதை அபு சிம்பல் குடைவரையில் காணலாம். கருவறையில் நான்கு சிலைகள் வரிசையாக அமர்ந்திருக்கின்றன: தா, அமுன்-ரே, ரே-ஹோரக்தி என்ற மூன்று தெய்வங்களோடு, அவர்களுக்குச் சமமாக, அக்கோயிலைக் குடைந்த இரண்டாம் ராம்செஸ்.

தமிழ்நாட்டில் எந்தக் கருவறைக்குள்ளும் பாண்டியன் இப்படி உட்கார்ந்ததில்லை.

சங்கப் பாடல்களில் வரும் வேந்தன் பெரியவன்; ஆனால் மனிதன். உலகத்துக்கு உயிராக இருப்பவன் மன்னனே என்று புறநானூற்றில் பாடியவர் மோசிகீரனார். அதே பாட்டு, தானே அந்த உயிர் என்று உணர்ந்திருப்பது வேந்தனின் கடமை என்று முடிகிறது. புகழ்ச்சியின் வடிவில் வந்த பொறுப்பு அது. இதே புலவர் சேரன் பெருஞ்சேரல் இரும்பொறையின் முரசு கட்டிலில் அறியாமல் படுத்துத் தூங்கிவிட்டார். முரசு புனிதமானது; பலி ஏற்பது; அதன் கட்டிலில் ஏறியவரை வெட்டியிருக்கலாம். சேரனோ விசிறி எடுத்து வீசினான். தெய்வத்தன்மை என்று அக்காலம் நம்பியது முரசிலும் காவல் மரத்திலும் வெண்கொற்றக் குடையிலும் இருந்தது. அவற்றைக் காப்பவன் வேந்தன். காவல் மரத்தைப் பகைவன் வெட்டிவிட்டால் வேந்தனுக்கு வேந்தன் என்ற பெயர் நிற்காது.

சிலப்பதிகாரம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. தன் தீர்ப்பு தவறென்று ஒரு வணிகன் மனைவி மெய்ப்பித்த கணத்தில் பாண்டியன் நெடுஞ்செழியன் அரியணையிலேயே விழுந்து இறக்கிறான். எகிப்திலும் நீதி கேட்கும் கதை உண்டு. செல்வாக்குள்ள ஒருவன் பறித்துக்கொண்ட பொருளை மீட்க, சொல்வன்மை மிக்க குடியானவன் ஒருவன் ஒன்பது முறை முறையிடுகிறான். அங்கே குற்றம் பறித்தவனுடையது. அரசன்மேல் மாசு படிவதில்லை. மதுரைக் காவியத்திலோ குற்றவாளி அரசனே. தண்டனையும் அவனுக்கே, அவன் நகருக்கே.

இங்கே கிரேக்கக் குறிப்பு ஒன்று குறுக்கிடுகிறது. கி.மு. 300 வாக்கில் பாடலிபுத்திரத்துக்கு வந்த மெகஸ்தனிஸ், ஹெரக்ளிஸ் என்ற தெய்வ வீரன் தன் மகள் பண்டையாவுக்குத் தென்னாட்டைக் கொடுத்தான் என்று கேள்விப்பட்டதை எழுதிவைத்தார். அவர் நூல் அழிந்துவிட்டது. அரியன் போன்ற பிற்கால ஆசிரியர்கள் எடுத்தாண்ட பகுதிகளே மிஞ்சியுள்ளன. தெய்வத்தின் மகள், பாண்டிய நாட்டை ஆளும் பெண் என்றதுமே மதுரைக்காரர் எவருக்கும் மீனாட்சியின் புராணப் பெயரான தடாதகை நினைவுக்கு வருவாள். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசிய அறிஞர்கள் பலர். ஆனால் இரண்டுக்கும் இடையே ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளி இருக்கிறது. சங்கப் பாடல்கள் எதிலும் மீனாட்சி இல்லை. தென்னாட்டை ஒரு பெண் ஆண்டாள் என்ற நினைவு வடக்குவரை எட்டியிருந்தது என்று மட்டும் கொள்வதே பொறுப்பான முடிவு. அந்த அளவிலேயே அது வியப்புக்குரிய செய்திதான்.

கல்லில் எழுதப்பட்ட சான்று வேறொரு சித்திரத்தைத் தருகிறது. மதுரைக்கு வடகிழக்கே மாங்குளத்துக்கு அருகில் மீனாட்சிபுரத்து மலைக்குகைகளில் தமிழ் பிராமிக் கல்வெட்டுகள் உள்ளன. கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவையாக அவை கணிக்கப்படுகின்றன. நெடுஞ்செழியனின் பணியாளனான கடலன் வழுதி, கணி நந்தாசிரியன் என்ற சமணத் துறவிக்குப் பள்ளி அமைத்துக் கொடுத்ததை அவை சொல்கின்றன. பாண்டியனின் பெயர் கல்லில் வரும் மிகப் பழைய இடங்களுள் இது ஒன்று. அங்கே அவன் பெயருக்கு முன்னால் தெய்வப் பட்டம் எதுவும் இல்லை. உடைமை ஏதுமற்ற ஒரு முனிவருக்குக் கற்படுக்கை வெட்டிக் கொடுத்ததே பதிய வேண்டிய பெருமையாக இருந்திருக்கிறது. கீழக்குயில்குடி, கொங்கர்புளியங்குளம், திருப்பரங்குன்றம், ஆனைமலை என்று மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் எல்லாம் இத்தகைய படுக்கைகள் கிடக்கின்றன.

7ஆம் நூற்றாண்டில் காற்று திசை மாறியது. நின்றசீர் நெடுமாறன் சமணத்தை விட்டுச் சைவனான கதையைப் பெரியபுராணம் விரிவாகச் சொல்கிறது. அரசி மங்கையர்க்கரசியும் அமைச்சர் குலச்சிறையாரும் திருஞானசம்பந்தரை அழைத்து வருகிறார்கள். அரசனின் வெப்பு நோய் திருநீற்றால் தணிகிறது. அனல்வாதமும் புனல்வாதமும் நடக்கின்றன. தோற்ற சமணர்கள் கழுவேறினார்கள் என்ற பகுதி இன்றும் விழாவாக நடிக்கப்படுகிறது. அதை அப்படியே வரலாறாகக் கொள்ள முடியாது. கீழக்குயில்குடிச் சமணர் மலையில் செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் உள்ள தீர்த்தங்கரர் சிற்பங்கள் 9, 10ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. நெடுமாறனுக்குப் பின் இருநூறு ஆண்டுகள் கழித்தும் மதுரையின் எல்லையிலேயே சமணம் உயிரோடு இருந்தது. அதற்குக் கொடை கொடுத்தவர்களும் இருந்தார்கள்.

எகிப்தின் அகநாதன் நினைவுக்கு வரும் இடம் இது. கி.மு. 14ஆம் நூற்றாண்டில் அவன் ஆதன் என்ற ஒளித்தட்டு ஒன்றே தெய்வம் என்றான். அமுனின் பெயரைச் சுவர்களிலிருந்து செதுக்கி எடுக்க ஆணையிட்டு, பாலைவெளியில் புதுத் தலைநகர் கட்டினான். அவன் இறந்ததும் அந்த நகரமே கைவிடப்பட்டது. அங்கே மாற்றம் அரசனிடம் தொடங்கி அரசனோடு முடிந்தது. மதுரையில் மாற்றம் அரசனை வந்தடைந்தது. மனைவி, அமைச்சர், ஊர் ஊராகப் பாடிவந்த ஒரு சிறுவர், அவர் பின்னால் திரண்ட மக்கள் என்று எல்லாரும் ஏற்ற ஒன்றைக் கடைசியாக ஏற்றவன் பாண்டியன். அது நிலைத்ததற்குக் காரணமும் அதுவே.

நெடுமாறனோடு பொதுவாக ஒருவனாகக் கருதப்படும் அரிகேசரி மாறவர்மன் இரணியகர்ப்பமும் துலாபாரமும் செய்ததாக வேள்விக்குடிச் செப்பேடு பேசுகிறது. பொன்னால் செய்த கருப்பைக்குள் அரசன் நுழைந்து, புதிதாய்ப் பிறந்தவனாக வெளியே வருவது இரணியகர்ப்பம். பொன் பிறகு தானமாகப் போய்விடும். எகிப்திலும் இதற்கு இணையான சடங்கு உண்டு. ஆட்சி முப்பது ஆண்டைத் தொடும்போது நடப்பது செத் திருவிழா. மேல்நாடு, கீழ்நாடு இரண்டின் எல்லைகளைக் குறிக்கும் அடையாளங்களுக்கிடையே அரசன் ஓடிக் காட்ட வேண்டும். சக்காராவில் ஜோசரின் படிப் பிரமிடுக்கு அருகே அதற்கான முற்றம் கல்லில் கட்டப்பட்டு நிற்கிறது. தெய்வம் என்று போற்றப்பட்டவனின் கால்கள் தளர்ந்துவிட்டனவா என்று ஊரறியச் சோதித்த சடங்கு அது. அரச உடல் மூப்படையும் என்பதை இரண்டு நாடுகளும் அறிந்திருந்தன.

அதே வேள்விக்குடிச் செப்பேடு பாண்டியர் குலத்தைத் திங்களிலிருந்து தொடங்குகிறது. அகத்தியர் அவர்களுக்குக் குலகுரு. அவர்களின் முன்னோன் இந்திரனோடு அரியணையைப் பகிர்ந்தவன். குலப்பெருமை இப்படி வானளாவப் போனாலும், செப்பேட்டின் நடுவில் ஓர் எளிய காட்சி இருக்கிறது. பராந்தக நெடுஞ்சடையனின் மூன்றாம் ஆட்சியாண்டு, கி.பி. 770 வாக்கு. மதுரையில் அரசன் வரும்போது ஒருவர் நின்று முறையிடுகிறார். பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி தம் முன்னோருக்குக் கொடுத்த வேள்விக்குடியைக் களப்பிரர் பறித்துவிட்டார்கள் என்கிறார். அரசன் உடனே தூக்கிக் கொடுத்துவிடவில்லை. பழைய உரிமையை நாட்டாரைக் கொண்டு மெய்ப்பித்துக் காட்டச் சொல்கிறான். அவர் காட்டிய பிறகே ஊர் திரும்புகிறது. திங்கள் குலத்து வேந்தனுக்கும் ஊராரின் சாட்சி தேவைப்பட்டது.

இந்த அரசனின் அமைச்சர் மாறன்காரி ஒத்தக்கடையை ஒட்டிய ஆனைமலையில் நரசிங்கப் பெருமாளுக்குக் குடைவரை எடுத்தார். கலியாண்டு 3871, அதாவது கி.பி. 770. அவர் இறந்ததால், முகமண்டபத்தை அவர் தம்பி மாறன் எயினன் முடித்தார். யானை படுத்திருப்பதைப் போன்ற அந்த மலையடியில் இன்றும் பூசை நடக்கிறது. எகிப்தில் பெருங்கோயில் என்றால் எடுப்பித்தவன் அரசன் என்றே சுவர் சொல்லும். ஆனைமலையில் அமைச்சரும் அவர் தம்பியும் தங்கள் பெயரிலேயே நிற்கிறார்கள்.

இறந்த அரசனுக்குக் கோயில் எடுக்கும் வழக்கமும் தமிழகத்தில் இருந்தது. பள்ளிப்படை என்று அதற்குப் பெயர். மேல்பாடியில் அரிஞ்சயனுக்கு இராசராசன் எடுத்த கோயிலும், பட்டீசுவரத்தருகே பஞ்சவன்மாதேவிக்கு இராசேந்திரன் எடுத்த கோயிலும் சோழர் காலத்தவை. பாண்டிய நாட்டில் திருச்சுழியை அடுத்த பள்ளிமடத்தில் சுந்தரபாண்டியன் பெயரால் அமைந்த பள்ளிப்படை இருக்கிறது. பிரமிடோடு இவற்றை ஒப்பிட்டுப் பேசுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கூபுவின் பெரிய பிரமிடு முதலில் ஏறத்தாழ 146 மீட்டர் உயரம். உள்ளே அரசனின் உடல் என்றென்றும் இருக்க வேண்டும் என்பது நோக்கம். பள்ளிப்படையில் மேலே நிற்பது சிவலிங்கம். இறந்தவர் பெயர் ஈசுவரத்தோடு சேர்ந்துவிடுகிறது; வணக்கம் ஈசுவரனுக்கே. காலப்போக்கில் அடியில் அடங்கியவர் யாரென்பதையே ஊர் மறந்துவிட்டது பல இடங்களில்.

1311இல் தில்லியிலிருந்து மாலிக் காபூரின் படை வந்தது. சில பத்தாண்டுகளில் மதுரையில் தனிச் சுல்தானியம் எழுந்தது. சுந்தரேசுவரர் லிங்கத்தை மண்மேடிட்டு மறைத்து, முன்னால் வேறொரு லிங்கத்தை வைத்துக் காத்தார்கள் என்பது கோயில் மரபு. விஜயநகர இளவரசன் குமார கம்பணன் 1370களில் சுல்தானியத்தை முடிவுக்குக் கொண்டுவந்தான். அவன் மனைவி கங்காதேவி எழுதிய மதுரா விஜயம் என்ற வடமொழிக் காவியத்தில், படையெடுப்புக்கு முன் ஒரு பெண் அவன் முன் தோன்றுகிறாள். மதுரையின் சீரழிவைச் சொல்லி, பாண்டியர் வசமிருந்த தெய்வ வாளை அவன் கையில் கொடுக்கிறாள். பாண்டியர் வலுவிழந்ததால் அகத்தியர் அதை இவனுக்கு அனுப்பினாராம். கன்னட நாட்டிலிருந்து வந்தவன் மதுரையை ஆளலாம் என்பதற்கு இதைவிட அழகாக உரிமைப் பத்திரம் எழுத முடியாது. இனி மதுரையில் ஆள வருகிறவர்கள் தங்கள் குலத்தைக் காட்டுவதைவிட, தெய்வத்திடமிருந்து எதைப் பெற்றார்கள் என்று காட்ட வேண்டியிருந்தது.

இதை முழுமையாகப் புரிந்துகொண்டவர்கள் நாயக்கர்கள். 1529இல் விசுவநாத நாயக்கரோடு தொடங்கிய மரபு அது. தெலுங்கு பேசியவர்கள், விஜயநகரத்தின் படைத்தலைவர்களாக வந்தவர்கள், பாண்டிய இரத்தம் என்று சொல்லிக்கொள்ள வழியில்லாதவர்கள். நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்து நிர்வாகத்தைச் சீர்செய்தார்கள். அதிகாரம் அதனால் வந்தது. உரிமை மீனாட்சியிடமிருந்து வந்தது. 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் தலைநகரைத் திருச்சியிலிருந்து மதுரைக்கு மாற்றியதற்கே ஒரு கனவுக் கதை உண்டு. தீராத நோயால் வருந்திய அவர் கனவில் மீனாட்சியும் சுந்தரேசுவரரும் வந்து, மதுரைக்கே வந்து தங்கினால் குணமாகும் என்றார்களாம். மாசியில் நடந்த திருக்கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றி, அழகர் ஆற்றில் இறங்கும் விழாவோடு இணைத்தவரும் அவரே என்று மதுரை மரபு சொல்கிறது. தேரோடும் வீதிகள் மாசி வீதிகள் என்றே இன்றும் இருப்பதை அதற்குச் சான்றாகக் காட்டுவார்கள்.

மீனாட்சியிடமிருந்து உரிமை பெறும் இந்த ஏற்பாட்டுக்குப் புராணமும் உதவியது. பெரும்பற்றப்புலியூர் நம்பியும் பின்னர் பரஞ்சோதி முனிவரும் பாடிய திருவிளையாடல்களின்படி, மலையத்துவச பாண்டியனின் வேள்வித் தீயிலிருந்து மூன்று முலைகளோடு தோன்றியவள் தடாதகை. மகனைப் போல வளர்க்கச் சொல்லி அசரீரி ஒலித்தது. முடிசூடிக்கொண்டு எண்திசையும் வென்று, கயிலையில் சிவனைக் கண்டதும் மூன்றாம் முலை மறைகிறது. திருமணத்துக்குப் பின் சிவனே சுந்தர பாண்டியனாக ஆள்கிறார். அடுத்து மகன் உக்கிர பாண்டியன். ஆக, பாண்டியப் பட்டியலில் மூவர் தெய்வங்கள். பெண் எப்படி ஆள்வது என்ற சிக்கலை எகிப்தின் ஹட்செப்சுட் அரசியும் சந்தித்தவள். தாயின் வயிற்றில் தன்னைக் கருவாக்கியவர் அமுனே என்று தெய்ர் எல்-பஹ்ரி கோயிலில் செதுக்கிவைத்தாள். சிலைகளில் அரசனுக்குரிய பொய்த் தாடியும் அணிந்தாள். பெண் ஆள வேண்டுமானால் ஆண் அடையாளத்தைக் கடன் வாங்க வேண்டும் என்பதே இரண்டு கதைகளிலும் உள்ள நிபந்தனை. திருமணத்தோடு ஆட்சி கணவனிடம் போய்விட்டது என்று புராணம் சொன்னாலும், திருவிழா ஆண்டுதோறும் நான்கு மாதத்தை மீனாட்சிக்கு மீட்டுத் தந்துவிடுகிறது. புராணத்தைவிட மக்கள் கொண்டாடும் விழா இங்கே தாராளமானது.

கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே உள்ள புதுமண்டபத்தில் நாயக்க மன்னர் பதின்மர் தூண்களில் நிற்கிறார்கள். பருத்த வயிறு, இடுப்பில் வாள், தலையில் அணி, அருகில் தேவியர். திருமலை நாயக்கரும் அவர்களுள் ஒருவர். எல்லாரும் கைகூப்பியிருக்கிறார்கள். நெடுங்காலம் இந்த மண்டபத்தில் தையல் கடைகளும் பாத்திரக் கடைகளும் புத்தகக் கடைகளும் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. சட்டை தைக்க வந்தவர்கள் மன்னர்களின் தோளுரசிக் காத்திருப்பார்கள். கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிய பிறகு சிலைகள் முழுதாகத் தெரிகின்றன. அபு சிம்பலில் தெய்வங்களோடு ஒரே வரிசையில் அமர்ந்தவனையும், மண்டபத் தூணில் கைகூப்பி நிற்கும் இவர்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இரு நாட்டு அரசியலின் வேறுபாடு கண்ணுக்கே புலப்படும்.

இன்னொரு சான்று பொற்றாமரைக் குளத்தருகே ஊஞ்சல் மண்டபத்து விதான ஓவியம். 1689 முதல் 1706 வரை பேரன் விஜயரங்க சொக்கநாதனுக்காக ஆட்சி நடத்திய ராணி மங்கம்மாள், மீனாட்சியின் பட்டாபிஷேகத்தில் பட்டர் வழியாக அம்மனின் செங்கோலைப் பெறுவதை அதில் தீட்டியிருக்கிறார்கள். அருகில் தமிழிலும் தெலுங்கிலும் விளக்கம் எழுதியிருக்கிறது. கணவர் சொக்கநாத நாயக்கரும் மகனும் இறந்த பின் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நாட்டைக் காத்த பெண் அவர். தான் ஆள்வது தன் பெயரால் அல்ல என்பதை அந்த ஓவியத்தைவிடத் தெளிவாக அவரால் சொல்லியிருக்க முடியாது.

இந்த ஏற்பாடு மதுரையோடு நிற்கவில்லை. இராமநாதபுரம் இராமலிங்க விலாசத்துச் சுவரோவியத்தில் சேதுபதி இராஜராஜேசுவரியிடமிருந்து செங்கோல் பெறுகிறார். 1750இல் திருவிதாங்கூர் மார்த்தாண்ட வர்மா நாட்டையே பத்மநாப சுவாமிக்கு எழுதிக் கொடுத்து, தாம் பத்மநாப தாசன் என்று பெயர் சூடிக்கொண்டார்.

எகிப்திலும் அந்நியர்கள் உள்ளூர்த் தெய்வத்தின் வழியாகவே அரசுரிமை தேடினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கி.மு. 331இல் அலெக்சாந்தர் சீவா பாலைவனச்சோலைக்குச் சென்று அமுனின் வாக்கைக் கேட்டுவந்தார். கி.மு. 196இல் ஐந்தாம் தாலமிக்காகப் பூசாரிகள் வெளியிட்ட ஆணைதான் ரொசெட்டாக் கல்லில் இருப்பது. உரோமப் பேரரசர்களும் நைல் கரைக் கோயில் சுவர்களில் எகிப்திய உடையில் படையல் இடுகிறார்கள். வேறுபாடு எங்கே என்றால், அங்கே பூசை நடக்க ஓர் அரசன் வேண்டும். பேரரசன் கிறித்தவனானதும் அந்த இடத்தில் நிற்க ஆளில்லை. 6ஆம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் காலத்தில் பிலே தீவின் ஐசிஸ் கோயிலும் மூடப்பட்டது. மதுரையில் 1736இல் நாயக்கர் ஆட்சி முடிந்தது. அரசன் இல்லாமலேயே பட்டாபிஷேகம் தொடர்ந்தது, ஏனென்றால் முடிசூடுபவள் அங்கேயே இருந்தாள்.

கிழக்கிந்தியக் கும்பினி ஆட்சிக்காரர்களும் இந்தச் சூழலுக்குள் இழுக்கப்பட்டார்கள். 1812 முதல் 1828 வரை மதுரைக் கலெக்டராக இருந்த ரவுஸ் பீட்டரை மக்கள் பீட்டர் பாண்டியன் என்று அழைத்தார்கள். இடிமழை இரவில் ஒரு சிறுமி வந்து அவரை வீட்டுக்கு வெளியே அழைத்துப் போனாள்; அடுத்த கணம் இடி விழுந்து வீடு சரிந்தது; அவள் மீனாட்சியே என்று அவர் உணர்ந்தார் என்பது கதை. அவர் காணிக்கையாகத் தந்த, கல் பதித்த பொன் அங்கவடிகள் கோயிலில் இருக்கின்றன. குதிரை வாகனத்தில் புறப்படும்போது அம்மனுக்கு அவற்றை அணிவிப்பார்கள். நாட்டைப் பிடித்த அந்நியனுக்கும் பாண்டியன் என்ற பட்டம் கொடுத்துத் தன் வரிசையில் சேர்த்துக்கொண்டது இந்த நகரம்.

அழகர் கோயிலிலிருந்து கள்ளர் கோலத்தில் புறப்பட்டு வழிநெடுக மண்டகப்படிகளில் தங்கி, சித்ரா பௌர்ணமியன்று வைகையில் இறங்கும் கள்ளழகர் பயணத்தைப் பற்றித் தொ. பரமசிவன் 'அழகர் கோயில்' என்ற ஆய்வில் விரிவாக எழுதியிருக்கிறார். நாட்டுப்புறச் சாதிகள் ஒவ்வொன்றும் தங்களுக்கென ஓர் உரிமையோடு அந்த விழாவில் இடம்பெறுவதை அது காட்டுகிறது. மீனாட்சி கோட்டைக்குள் ஆள்பவள் என்றால், அழகர் கோட்டைக்கு வெளியே சமவெளியில் உள்ள உழவரையும் ஆயரையும் தேடி வருபவர். பரிவட்டம் யாருக்கு முதலில் என்ற கேள்வி ஊர்களில் இன்றும் சண்டையாக வெடிப்பது இதனால்தான். கோயில் தரும் மரியாதை அரசு தரும் பட்டத்துக்கு நிகர்.

அரசுரிமையைப் பகிர்ந்தளித்த அதே கோயில் நெடுங்காலம் மக்களில் ஒரு பகுதியினரைக் கோபுரவாசலுக்கு வெளியே நிறுத்தியது. மதுரையின் அரசி என்று அவர்களும் அவளைத்தான் கும்பிட்டார்கள். உள்ளே வந்து பார்க்க முடியவில்லை. 1939 ஜூலை 8 அன்று அ. வைத்தியநாத ஐயர் ஆதிதிராவிடர்களையும் நாடாரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சி கோயிலுக்குள் நுழைந்தார். பிற்காலத்தில் அமைச்சரான கக்கனும் அந்தக் குழுவில் இருந்தார். பட்டர்கள் பலர் பணியை விட்டு விலகி நின்றார்கள். ராஜாஜி அரசு உடனே சட்டம் இயற்றி நுழைவைப் பாதுகாத்தது. மீனாட்சியின் ஆட்சி என்ற சொல்லுக்குக் குடிமக்கள் எல்லாரையும் உள்ளடக்கிய பொருள் வந்தது அன்றைக்குத்தான். நாயக்கர் கட்டிய மண்டபங்களுக்கு நிகரான பங்களிப்பு அது.

இன்று செங்கோல் பெறுபவர் 1959ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின்கீழ் அமர்த்தப்படுபவர். அரசு ஆணையில் பதவிக்காலம் எழுதியிருக்கும். பரம்பரை உரிமை கிடையாது. பட்டர்களோ குலசேகர, விக்கிரமபாண்டிய என்ற இரு மரபினர். இல்லாமல்போன பாண்டியரின் பெயர்கள் கருவறை ஊழியத்தில் பிழைத்திருக்கின்றன. 2024 சித்திரைத் திருவிழாவின்போது உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்கு ஒரு வழக்கு வந்தது. அறங்காவலர் குழுத் தலைவராக இருந்த பெண்மணி கணவரை இழந்தவர். ஆகவே பட்டாபிஷேகச் செங்கோலை அவரிடம் தரக்கூடாது என்பது மனுதாரரின் கோரிக்கை. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மரபு என்று வாதிட வந்தவர்கள் கோயிலுக்குள்ளேயே இருக்கும் சான்றைப் பார்க்கத் தவறிவிட்டார்கள். ஊஞ்சல் மண்டப விதானத்தில் மீனாட்சியின் செங்கோலைக் கைநீட்டிப் பெறும் ராணி மங்கம்மாளும் கணவரை இழந்தவர்தான். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் அதை அவர் கையில் கொடுத்தவர் இதே கோயிலின் பட்டர்.